விதி என்று எழுதலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பூமிக்குத் திரும்பும்போது சிதறி, உள்ளிருந்த ஏழு பேரும் இறந்த அமெரிக்க நாசாவின் கொலம்பியா விண்கல விபத்தைப் பற்றித் தங்கள் இதழில் வந்த நினைவுக் கட்டுரையை இருமுறை படித்தேன். கர்னாலில் பிறந்த கல்பனா சாவ்லா விண்வெளி வரை சென்ற கதையை நயமாகச் சொன்ன கட்டுரையாளர், முடிவை மட்டும் 'விதி' என்ற ஒரு சொல்லில் அடக்கிவிட்டதால் இதை எழுதுகிறேன்.

2003 பிப்ரவரி 1, சனிக்கிழமை. ரயில் பெட்டிகளைப் பரிசோதிக்கும் பிரிவில் எனக்கு அன்று மாலைப் பணி. இரவு எட்டரை மணி வாக்கில் ஸ்டேஷன் எதிரே இருந்த டீக்கடைக்குப் போனபோது, நீல வானத்தில் ஒரே வெள்ளைக் கோடாக வந்தது பல கோடுகளாகப் பிரிந்து செல்லும் காட்சியை டிவியில் திரும்பத் திரும்பக் காட்டிக்கொண்டிருந்தார்கள். "நம்ம ஊர்ப் பொண்ணு ஒண்ணு அதுல இருந்துச்சாம்" என்றார் டீ மாஸ்டர். ஹரியானா நம்ம ஊராகிவிட்டதில் அங்கே யாருக்கும் ஆட்சேபணை இல்லை. பாதி டீயோடு எழுந்தேன். துக்கத்தால் அல்ல, வண்டி வந்துவிட்டது. வந்து நின்ற வண்டியின் சக்கர அச்சுகளைத் தாங்கும் ஆக்சில் பெட்டிகளைப் புறங்கையால் தொட்டுச் சூடு பார்த்தபடி நடந்தபோதும் அந்தக் கோடுகள் கண்ணைவிட்டுப் போகவில்லை.

காரணம் மெல்ல மெல்லத்தான் வெளிவந்தது. ஜனவரி 16ஆம் தேதி புறப்பட்ட 82ஆவது நொடியில், எரிபொருள் தொட்டியின் வெளிப்புறத்திலிருந்து பெயர்ந்த, ஏறத்தாழ முக்கால் கிலோ எடையுள்ள நுரைக் காப்புத் துண்டு ஒன்று இடது இறக்கையின் முன்விளிம்பில் மோதியிருக்கிறது. அங்கே விழுந்த ஓட்டை வழியாக, திரும்பி வரும்போது கடும் சூடான காற்று உள்ளே புகுந்ததில்தான் விண்கலம் சிதறியது. நுரைத் துண்டு மோதியதை, புறப்பட்ட மறுநாளே படத்தில் கண்டுவிட்டார்கள். விண்கலம் மேலே சுற்றிக்கொண்டிருக்கும்போதே இறக்கையைப் படமெடுத்துப் பார்க்க வேண்டும் என்று பொறியாளர்கள் கேட்டதையும், நுரை பெயர்வது முன்பும் நடந்ததுதான் என்ற எண்ணத்தில் ஊறிப்போன நாசா நிர்வாகம் அந்தக் கோரிக்கையைத் தொடராமல் விட்டதையும் அவ்வாண்டு ஆகஸ்டில் வெளியான விசாரணைக் குழு அறிக்கை விரிவாகச் சொல்கிறது. தெரிந்திருந்தாலும் என்ன செய்திருக்க முடியும் என்று கேட்பவர்கள் உண்டு. அட்லாண்டிஸ் விண்கலத்தை அவசரமாக அனுப்பி ஏழு பேரையும் மீட்பது மிகக் கடினம், ஆனாலும் முயன்றிருக்கலாம் என்பதே அக்குழு கண்ட முடிவு.

ஆக்சில் சூட்டில் எனக்கு ஐயம் வந்தால், நேரம் தவறினாலும் பரவாயில்லை என்று வண்டியை நிறுத்தி வைக்கும் உரிமை என்னைப் போன்ற கடைநிலை ஊழியனுக்கு இருந்தது. அதற்காக வசவு வாங்கியதும் உண்டு. அது வேறு கதை. நாசாவில் ஐயம் எழுந்தது, கேள்வியும் எழுந்தது, நாட்களும் இரண்டு வாரம் இருந்தன. இதை விதி என்று எழுத எனக்குக் கை வராது.

இன்னொன்று. விண்கலத்தின் சிதறல்களைத் தேடும் பணியில் ஈடுபட்டிருந்த ஹெலிகாப்டர் ஒன்று 2003 மார்ச்சில் கிழக்கு டெக்சாஸ் காட்டில் விழுந்து இருவர் இறந்தார்கள். தங்கள் கட்டுரையில் அவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அடுத்த முறை எழுதும்போது அவர்களையும் சேர்த்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர்,
விழுப்புரம்.