செய்துங்கநல்லூரில் ஏறியவர்கள்

பாளையங்கோட்டை

அன்புள்ள சிநேகிதிக்கு,

ஆறு மாதமாக உனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. கனடாவில் இருந்த நான்கு மாதமும் பேரனைப் பார்த்துக்கொள்வதிலேயே போய்விட்டது. ஊர் திரும்பிய பிறகு கழிந்த இரண்டு மாதத்துக்குச் சொல்ல என்னிடம் சாக்கு இல்லை, மன்னித்துக்கொள். அண்ணாச்சிக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததென்று உன் தங்கை சொன்னாள். அவருக்கு என் வணக்கத்தைச் சொல். இனி விஷயத்துக்கு வருகிறேன். இதைப் போனில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மகள் வீட்டில் சாயங்காலமானால் டிவியில் காதல் படம்தான். தியேட்டருக்கென்று எடுத்தவை அல்ல, டிவிக்கென்றே எடுப்பவை. விளம்பரம் போக 84 நிமிடம் ஓடும் என்று மாப்பிள்ளை கணக்குச் சொன்னார். இவற்றை நிறைய எடுக்கும் ஹால்மார்க் என்பது, 1910இல் கான்சாஸ் சிட்டியில் பட அஞ்சலட்டை விற்கத் தொடங்கி, பிறகு வாழ்த்து அட்டையில் பெரிதாக வளர்ந்து, 1951 முதல் டிவி நாடகங்களுக்குப் பணம் போட்டு, 2001இல் அந்தப் பெயரிலேயே ஒரு சேனலையும் தொடங்கிய நிறுவனமாம். வாழ்த்து அட்டை என்று காதில் விழுந்ததுமே எனக்கு யார் நினைவு வந்திருக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அந்தப் படங்களில் பெரும்பாலானவை அமெரிக்கச் சிற்றூர்களில் நடப்பவை. ஆனால் பலவற்றை எடுப்பது மகள் இருக்கும் வான்கூவர் பக்கத்தில்தான். ஒருநாள் ஃபோர்ட் லாங்லிக்கு அழைத்துப் போனாள். ஜூலை மாத வெயில். தெருவோரம் முழுக்க வெள்ளைப் பஞ்சு விரிப்பை விரித்து, மேலே நுரையை அடித்துப் பனியாக்கியிருந்தார்கள். கதாநாயகி கம்பளிக் கோட்டும் கழுத்துத் துணியுமாக நின்றாள். ஒவ்வொரு தடவை கேமரா நின்றதும் ஒரு சின்னப் பெண் ஓடிவந்து, கோட்டுக் காலரை விலக்கி, கையில் பிடிக்கும் மின்விசிறியை அவள் கழுத்துக்கு நேரே காட்டினாள். மறுபடி கேமரா ஓடியதும் அந்தக் கதாநாயகி குளிரில் நடுங்கியதைப் பார்த்து எனக்கு அவள்மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது. இரண்டு மூன்று வாரத்துக்குள் முழுப் படத்தையும் முடித்துவிடுவார்களாம்.

அதில் ஒரு படம் என்னைத் தூங்கவிடவில்லை. நகரத்தில் வேலை பார்க்கும் ஒருத்தி, அப்பாவுக்கு உடம்பு சரியில்லையென்று சொந்த ஊருக்கு வருகிறாள். பள்ளிக்கூட நாளில் அவளை விரும்பியவன் அங்கேயே தச்சுப் பட்டறை வைத்திருக்கிறான். மனைவியை இழந்தவன்; ஒரு சின்ன மகள். நகரத்தில் இவளுக்கு நிச்சயமான ஒருவன் இருக்கிறான், அவனோ எந்நேரமும் போனைக் காதில் வைத்தபடியே இருப்பவன். பழைய பிரிவுக்குக் காரணம் ஒரு சின்னத் தவறான புரிதல்தான் என்று தெரியவருகிறது. கடைசி நிமிடத்தில் பனி பெய்யும்போது முத்தம். ஏட்டி, முடிவு தெரிந்தே பார்த்தேன், தெரிந்தே அழுதேன். நம் மூன்றாம் நம்பர் அறையின் ஜன்னலும், அதன் கீழே சைக்கிள் மணி அடித்ததும், நீ வார்டனம்மாவுக்குப் பயந்து விளக்கை அணைத்ததும் ஒவ்வொன்றாக வந்தன.

அந்தப் படங்களை நான் குறை சொல்லமாட்டேன். ஒருவரையொருவர் அறைவதில்லை, சாபம் விடுவதில்லை, சோற்றில் விஷம் வைப்பதில்லை. மனிதர்கள் ஒருவருக்கொருவர் கதவைத் திறந்துவிட்டுக் காப்பி போட்டுக் கொடுக்கிறார்கள். நம் ஊர்த் தொடர்களைப் பார்த்துப் பார்த்துப் புண்பட்ட மனத்துக்கு அது எவ்வளவு இதம்! ஆனால் ஒன்று மட்டும் நெருடியது. இடையில் போன வருஷங்களில் கூட வாழ்ந்த ஆளுக்கு அந்தக் கதைகளில் இடமில்லை. மனைவி என்றால் படம் தொடங்குவதற்கு முன்பே செத்திருக்க வேண்டும். நிச்சயமானவன் என்றால் விட்டுவிட்டு வர வசதியாக உதவாதவனாக இருக்க வேண்டும். அந்த மூன்றாவது ஆள் நல்லவராக, உயிரோடு, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தால் என்ன செய்வார்கள் என்று நான் யோசித்துக்கொண்டே இருந்தேன்.

போன வெள்ளிக்கிழமை திருச்செந்தூருக்குப் போனேன். பாளையங்கோட்டை ஸ்டேஷனில் ஏறினேன். செய்துங்கநல்லூரில் ஒரு கணவனும் மனைவியும் ஏறி எனக்கு எதிரே உட்கார்ந்தார்கள். முடி முழுக்க நரைத்துவிட்டது, ஆனால் தலையைச் சற்றுச் சாய்த்துப் பார்க்கும் அந்தப் பார்வை மாறவில்லை. அவர்தான், நம் ஜன்னலுக்குக் கீழே சைக்கிள் மணி அடித்தவர். என்னையும் அடையாளம் தெரிந்துகொண்டார். அந்த அம்மாளிடம், "காலேஜ்ல படிக்கும்போது தெரிஞ்சவங்க" என்றார். அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அந்தப் பொங்கல் அட்டை அனுப்புனவுகளுக்குச் சிநேகிதியா நீங்க?" என்று கேட்டாள்.

எனக்கு வாயடைத்துவிட்டது. கல்யாணமான முதல் வாரமே அவர் சொல்லிவிட்டாராம். அட்டையைக் கிழித்துப் போடவா என்று கேட்டதற்கு, "எதுக்குக் கிழிக்கணும், அதுவும் ஒரு நல்ல மனசுல இருந்து வந்ததுதான" என்று இவளே வாங்கி, வீட்டுப் பத்திரத்தோடு டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறாள்.

அதற்குள் ரயில், 2023 டிசம்பர் வெள்ளத்தில் தண்டவாளத்துக்கு அடியிலிருந்த ஜல்லியும் மண்ணும் அரித்துப்போன பகுதிக்கு வந்திருந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதும், செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு மாட்டிக்கொண்டதும் நீ பூனாவிலிருந்து பதறிப் பதறி என்னிடம் விசாரித்தவைதானே. அந்த வெள்ளம் இவர்கள் வீட்டிலும் இடுப்பளவுக்கு ஏறி, பெட்டி இரண்டு நாள் தண்ணீரில் கிடந்ததாம். வடிந்த பிறகு பட்டா, ரேஷன் கார்டு, பிள்ளைகளின் சான்றிதழ் எல்லாவற்றையும் கொடியில் வரிசையாகக் காயப்போட்டபோது, உன் அட்டையையும் கிளிப் மாட்டித் தொங்கவிட்டிருக்கிறாள். "எழுத்தெல்லாம் கரைஞ்சிட்டு. கரும்பும் மாடு ரெண்டும் அப்படியே இருக்கு. அதுல இருந்த ஜிகினாதான் பட்டாவெல்லாம் ஒட்டிக்கிட்டு" என்று சொல்லித் தன் உள்ளங்கையை என்னிடம் விரித்துக் காட்டினாள், இன்னும் அங்கே மினுங்குவதுபோல.

அவர் இவ்வளவு நேரமும் ஜன்னல் பக்கம் வாழைத் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூடி மறைக்கும் கூச்சம் அவர் முகத்தில் இல்லை. நீ பூனாவில் இருப்பதையும், அண்ணாச்சிக்கும் இதெல்லாம் தெரியும் என்பதையும் சொன்னேன். நாசரேத் வந்ததும் இருவரும் எழுந்தார்கள். பையை எடுத்துக்கொண்டே அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அங்க நல்ல தண்ணி கெடைக்கா?" தாமிரபரணிக் கரையில் பிறந்தவர் வேறென்ன கேட்பார் என்று நினைத்தேன்; நினைக்கும்போதே தொண்டை அடைத்தது.

மொத்தம் அரைமணி நேரம் இருக்கும். அதற்குப் பிறகு திருச்செந்தூர் வரையிலும் அவரைப் பற்றி நான் நினைக்கவே இல்லை. அவளைத்தான் நினைத்துக்கொண்டு போனேன். சந்நிதியில் நின்றபோதும் அவள் பெயரைக் கேட்காமல் விட்டுவிட்டோமே என்றுதான் இருந்தது.

இறங்குவதற்கு முன் அவள் உன் முகவரியைக் கேட்டாள். வருகிற தைக்கு ஒரு அட்டை போட வேண்டுமாம். சிவகாசியில் அச்சடித்தது இப்போதும் கடையில் கிடைக்கிறதா என்று தேடிப் பார்ப்பாளாம். உன்னிடம் கேட்காமல் கொடுக்க மனமில்லாமல், அவளுடைய போன் நம்பரை மட்டும் வாங்கி வைத்திருக்கிறேன். அண்ணாச்சியிடமும் கேட்டுவிட்டு எழுது. கொடுக்கட்டுமா?

என்றும் உன் அன்புள்ள,
மூன்றாம் நம்பர் அறைத் தோழி