கண்டலுக்காகக் கை கொடுத்தவர்களுக்கு

திருகோணமலை தம்பலகாமம் குடாவோரக் கண்டல் காட்டை மண் போட்டு நிரப்பக் கொடுத்த அனுமதியை மீளப் பெற்றாயிற்று என்று அரச சட்டத்தரணி மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் சொல்லிவிட்டார், வழக்கும் அத்தோடு முடிந்தது. ஒவ்வொருவருக்கும் போன் எடுத்து நன்றி சொல்லி முடியாது, அதுதான் எல்லாருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

முதலில் சட்டத்தரணி அக்காவுக்கு. முதல் நாளே சொன்னார்: "மரம் முக்கியம் என்று அங்கே போய் அழாதீங்க. அனுமதி கொடுத்தவருக்கு அந்த அதிகாரம் இருந்ததா, கொடுக்க முதல் பார்க்க வேண்டியதைப் பார்த்தாரா, அதைத்தான் நீதிபதி கேட்பார்." இது அப்பீல் இல்லை, அரசியலமைப்பின் 140ஆம் உறுப்புரையில் வரும் எழுத்தாணை (ரிட்) மனு, அதாவது அதிகாரி எடுத்த முடிவு சட்டப்படியானதா என்று பார்க்கக் கேட்பது என்பதை எங்களுக்கு விளங்கப்படுத்தவே அவருக்குப் பல பிளேன்ரீ செலவு. திருகோணமலையிலேயே மாகாண மேல் நீதிமன்றம் இருக்க ஏன் கொழும்புக்கு அலைய வேண்டும் என்று நம்மவர்கள் பலர் கேட்டீர்கள். மாகாணப் பட்டியலில், அதாவது மாகாண சபைகளுக்கு ஒதுக்கிய விடயங்களின் பட்டியலில் உள்ளவற்றுக்குத்தான் இங்கே எழுத்தாணை கேட்கலாம், எங்கள் அனுமதியோ மத்திய அரசின் கை. இந்த மனுவுக்கு இத்தனை நாள் என்று சட்டத்தில் எல்லை இல்லாவிட்டாலும் சுணங்கினால் அதையே காரணம் காட்டித் தள்ளிவிடுவார்களாம், அதனால்தான் எல்லாரையும் அப்படி விரட்டினோம், கோபிக்க வேண்டாம்.

தகவல் அறியும் உரிமை விண்ணப்பத்தை எழுதித் தந்த தம்பிக்குப் பெரிய நன்றி. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று அவன் விடாமல் நின்றதால்தான் அனுமதிக்காக அதிகாரிகள் எழுதிய கள அறிக்கை கைக்கு வந்தது. வழக்கே அந்த ஒரு தாளில்தான் நின்றது. ஒரு மரத்தின் பெயர்கூட இல்லை, "பற்றைகள் காணப்படுகின்றன" என்று ஒரே வரி, கீழே கையொப்பம், சீல்.

அந்த வரிக்குப் பதில் சொன்னவர்கள் நண்டு பிடிக்கும் அக்காமார். இது கண்ணா, இது கண்டல், இது தில்லை, கிட்டப் போகாதே, பால் பட்டால் கண் போய்விடும் என்று இடுப்பளவுச் சேற்றில் நின்று காட்டக் காட்ட தாவரவியல் சேர் படமெடுத்து இலை சேர்த்தார். அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களைச் சொல்லும் சிவப்புப் பட்டியல் வேறு, சட்டத்தின் அட்டவணை வேறு என்று பிரித்துச் சொன்னவரும் அவரே: 1937ஆம் ஆண்டு விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் அட்டவணையில் பெயர் இருந்தால்தான், சரணாலயம் போன்ற பாதுகாக்கப்பட்ட இடங்களுக்கு வெளியே, செடிக்கு அந்தச் சட்டத்தின் காவல், 2020இன் தேசிய சிவப்புப் பட்டியல் அதன் நிலைமையை மட்டும்தான் சொல்லும். ஆனாலும் அரசே வெளியிட்ட பட்டியலைத் திறந்துகூடப் பார்க்காமல் முடிவெடுத்தார்கள் என்று காட்ட அது நன்றாக உதவியது.

படகு தந்த கிண்ணியா நானா டீசல் காசு வாங்கவே இல்லை. சத்தியக்கடதாசிகளை இரவிரவாகத் தட்டச்சு செய்த தங்கச்சிக்கும், கொழும்பில் புதுக்கடை நீதிமன்றத்துக்குப் போனவர்களைத் தங்க வைத்த வெள்ளவத்தைக் குடும்பத்துக்கும் நன்றி.

தீர்ப்பு எழுதப்படாததில் சிலருக்கு மனவருத்தம், எனக்கும்தான். நாளைக்கு முறைப்படி ஆய்வு செய்து புதிதாக அனுமதி கொடுத்தால் இந்த வழக்கு தடுக்காது. ஆகையால் கோப்பின் ஒரு பிரதியை வாசிகசாலையில் வைத்திருக்கிறோம், தேவைப்பட்டவர்கள் எடுத்துப் பாருங்கள், வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம். போட்டோக்கொப்பிக் கடை அண்ணாவுக்கு நன்றியோடு பாக்கிக் காசும் இருக்கிறது, மாத முடிவில் வந்து தருகிறேன்.