மறைக்கல்விப் பொறுப்பு ஏற்ற நண்பனுக்கு

புதுச்சேரி

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. பங்குக் கோயில் பிள்ளைகளின் ஞாயிறு வேதபாட வகுப்பை நடத்தும் மறைக்கல்வி ஒருங்கிணைப்பாளர் பொறுப்பை உன் தலையில் கட்டிவிட்டார்கள் என்று எழுதியிருந்தாய். ஓய்வு பெற்ற வாத்தியாரைக் கண்டால் எந்தப் பங்குச் சாமியாருக்கும் விட்டுவிட மனசு வராது. இங்கே வீட்டில் எல்லோரும் நலம். முட்டிவலி மட்டும் போகவில்லை, அதற்காகக் கடற்கரைச் சாலை நடையை விட்டுவிடவும் இல்லை.

புதுநன்மை, அதாவது முதன்முறையாக நற்கருணை அப்பம், வாங்கும் வருஷத்தில் பிள்ளைகள் நிரம்பி வழிகிறார்கள், அடுத்த ஜூனில் பாதிப் பேரைக் காணோம், என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தாய். பெற்றோரைப் பிடி. பிள்ளைகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கணக்கைப் பார். ஞாயிறு வகுப்பு ஒரு மணி நேரம். காலாண்டு, அரையாண்டு, தீபாவளி, ஐப்பசி கார்த்திகை மழை, பங்குத் திருவிழா, ஆண்டுத் தேர்வு எல்லாம் போக வருஷத்துக்கு 30 வகுப்பு தேறினால் பெரிது. வீட்டில் சிலுவை அடையாளம்கூடப் போடாத பிள்ளைக்கு அந்த 30 மணி நேரத்தில் நீ எதைச் சொல்லிக் கொடுத்தாலும் அது இன்னொரு பாடமாகத்தான் நிற்கும். பரீட்சை முடிந்ததும் வரலாற்றுப் பாடத்து வருஷங்கள் மறந்துபோகிற மாதிரி மறந்துபோகும்.

திருச்சபையும் சுற்றி வளைக்காமல் இதைத்தான் சொல்கிறது. 1964இல் உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் குடும்பத்தை இல்லத் திருச்சபை என்றது. பெற்றோரே சொல்லாலும் நடத்தையாலும் பிள்ளைகளுக்கு முதலில் நம்பிக்கையை அறிவிப்பவர்கள் என்றது. திருச்சபைச் சட்டம் 774ம் மற்ற எல்லோருக்கும் முன்னால் பெற்றோரைத்தான் நிறுத்துகிறது. திருமுழுக்கு, அதாவது ஞானஸ்நானச் சடங்கில் தண்ணீர் ஊற்றுவதற்கு வெகு முன்பே, பிள்ளையை நம்பிக்கையில் வளர்க்கும் கடமையை உணர்ந்திருக்கிறீர்களா என்று குருவானவர் கேட்கிறார். உணர்ந்திருக்கிறோம் என்று சொன்ன அதே தகப்பனார்தான் எட்டு வருஷம் கழித்துப் பிள்ளையைக் கோயில் வாசலில் இறக்கிவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போகிறார்.

அதனால் திருமுழுக்கிலிருந்தே ஆரம்பி. பெற்றோரையும், திருமுழுக்கில் பிள்ளைக்குப் பொறுப்பேற்று நிற்கும் ஞானப்பெற்றோரையும் அதற்குமுன் தகுந்தபடி தயாரிக்க வேண்டும் என்று சட்டம் 851 சொல்கிறது. நடைமுறையில் இரண்டு சந்திப்பு போதும், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். முதலாவதில் சடங்கை வரிசையாக நடத்திக் காட்டு: நெற்றியில் சிலுவை, எண்ணெய், தண்ணீர், கிறிஸ்மா என்ற நறுமணத் தைலம், வெள்ளாடை, மெழுகுதிரி. இரண்டாவதில் குழந்தை தூங்கப்போகும்போது நெற்றியில் கட்டைவிரலால் சிலுவை வரைவதைப் பழக்கு. பெற்றோர் தம் பிள்ளையை ஆசீர்வதிக்கலாம் என்பதே பலருக்குத் தெரியாது, அது சாமியார் வேலை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஞானப்பெற்றோர் விஷயத்தில்தான் சண்டை வரும். ஒருவர் போதும், இருவர் என்றால் ஓர் ஆணும் ஒரு பெண்ணும். 16 வயது நிறைந்திருக்க வேண்டும். நம்பிக்கையில் உறுதிப்படுத்தும் அருளடையாளமான உறுதிப்பூசுதலும் நற்கருணையும் பெற்ற கத்தோலிக்கராக, அதற்கேற்றபடி வாழ்பவராக இருக்க வேண்டும். குழந்தையின் அப்பா அம்மாவாக இருக்கக்கூடாது. ஆனால் நம் ஊரில் தாய்மாமனை விட்டுவிட்டு எதையும் செய்ய முடியுமா? அவர் சி.எஸ்.ஐ. என்ற புராட்டஸ்டண்ட் சபையைச் சேர்ந்தவர் என்றால், ஒரு கத்தோலிக்க ஞானப்பெற்றோருடன் சாட்சியாக நிற்கலாம். இந்து மாமன் என்றால் அதுவும் முடியாது. அவரிடம் முகத்துக்கு நேரே 'கூடாது' என்று சொல்லாதே. சீர் வரிசை, குழந்தையைக் கோயிலுக்குத் தூக்கி வருவது, விருந்தில் முதல் மரியாதை எல்லாம் அவருக்கே என்று குடும்பத்தோடு முன்கூட்டியே பேசி வைத்துவிடு. திருமுழுக்கு நாள் காலையில் வந்து பேசினால் பகைதான் மிஞ்சும்.

இங்கே எங்களுக்கு இன்னொரு தலைவலி உண்டு, கடலூரில் உனக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். பிரான்சிலிருந்து ஜூலை, ஆகஸ்டு விடுமுறைக்கு வருகிறவர்கள் பத்தே நாளில் திருமுழுக்கோ புதுநன்மையோ வேண்டும் என்பார்கள். அவர்கள் வசிக்கும் பங்கிலிருந்து அனுமதிக் கடிதமும், தயாரிப்பு முடிந்ததற்கான சான்றும் வராமல் தேதி கொடுக்காதே. ஏப்ரலிலேயே சொந்தக்காரர்களிடம் சொல்லிவைத்தால் காகிதம் நேரத்துக்கு வந்து சேரும்.

இனி புதுநன்மை. பாப்பரசர் பத்தாம் பத்திநாதர் 1910இல் நற்கருணைக்கான வயதைப் புத்தி விவரம் தெரியும் பருவத்துக்கு, அதாவது ஏறக்குறைய ஏழு வயதுக்கு, கொண்டுவந்தார். அவர் கேட்டது பெரிய அறிவு ஒன்றும் இல்லை: சாதாரண அப்பத்துக்கும் நற்கருணைக்கும் பிள்ளைக்கு வித்தியாசம் தெரிந்தால் போதும். முந்நூறு கேள்வி பதிலை மனப்பாடம் பண்ணாத பிள்ளையை உட்கார வைத்துவிடும் ஆசிரியர்களிடம் இதை நினைவுபடுத்து. அதற்காக மனப்பாடமே வேண்டாம் என்று சொல்லவில்லை. கர்த்தர் கற்பித்த செபம், மங்கள வார்த்தை, திரித்துவப் புகழ், நம்பிக்கை அறிக்கை, பத்துக் கட்டளை, ஏழு அருளடையாளங்கள், மனஸ்தாப செபம். இவ்வளவும் வாயில் சரளமாக வர வேண்டும். மீதியைப் புரிந்துகொண்டால் போதும். 1540களில் தூத்துக்குடிப் பக்கத்து முத்துக்குளித்துறையில் சவேரியார் மணி அடித்துத் தெருவில் பிள்ளைகளைக் கூட்டி, இவற்றைத் தமிழில் சொல்லச் சொல்லிப் பழக்கினார். பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ப் பெற்றோருக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பதும் அவர் ஏற்பாடு. அந்த இரண்டாம் பாதியைத்தான் நாம் விட்டுவிட்டோம்.

பெற்றோர் கூட்டம் ஜூலையில் தொடங்கி ஆறு வை, மாதம் ஒன்று, முக்கால் மணி நேரத்துக்கு மேல் இழுக்காதே. முதல் கூட்டத்துக்குத் திருமுழுக்குச் சான்றிதழைக் கொண்டுவரச் சொல். இதைத் தள்ளிப்போடாதே. பிள்ளையின் பெயர் பதிவேட்டில் ஒரு மாதிரி, பள்ளியில் வேறு மாதிரி இருக்கும். திருமுழுக்கு வேறு மாவட்டத்தில் நடந்திருக்கும். திருத்தம் வேண்டுமென்றால் அந்தப் பங்கிலிருந்துதான் ஆக வேண்டும், அதற்கு மாதக்கணக்கில் பிடிக்கும். ஏப்ரலில் கண்டுபிடித்தால் அழுகைதான். சில வீடுகளில் பெற்றோரின் திருமணம் கோயிலில் நடந்திருக்காது. அதைக் கூட்டத்தில் எடுக்கவே எடுக்காதே. சாமியார் தனியாகப் பேசட்டும். பிள்ளையின் புதுநன்மைக்கு அது தடையும் இல்லை.

அம்மாக்கள் மட்டும் வருவார்கள். அப்பாக்கள் வர வேண்டுமானால் கூட்டத்தை வகுப்பு நேரத்தில் வைக்காமல் அன்பியத்தில், அதாவது அக்கம்பக்கக் குடும்பங்களின் குழுவில், யாராவது ஒருவர் வீட்டில், ராத்திரி 7 மணிக்கு வை. பக்கத்து வீட்டுக்காரர் கூப்பிட்டால் வருகிற மனுஷன் பங்கு அறிவிப்புக்கு வரமாட்டார். இந்துத் தகப்பனாரையும் கூப்பிடு. அவரிடம் எந்த வாக்குறுதியும் கேட்காதே, ஒரு நாற்காலி போட்டுக் கொடு. பிள்ளை எதைப் படிக்கிறது என்று பார்த்த தகப்பன் பிறகு தடுப்பது அபூர்வம்.

கூட்டத்தில் பிரசங்கம் வேண்டாம், குடும்ப செபத்தைச் செய்தே காட்டு. பத்து நிமிஷம் போதும். டிவியை அணைத்துவிட்டு, சாப்பாட்டுக்கு முன்னால். பீடத்தின் முன் ஒரு மெழுகுதிரி. சிலுவை அடையாளம், வரும் ஞாயிறு நற்செய்தியிலிருந்து ஐந்தாறு வசனம், அதைப் பிள்ளையே வாசிக்கட்டும், அரை நிமிஷம் அமைதி, ஆளுக்கு ஒரு வேண்டுதல், கர்த்தர் கற்பித்த செபம், கடைசியில் அப்பாவோ அம்மாவோ பிள்ளை நெற்றியில் சிலுவை. இது ஏன் நின்றுபோகிறது தெரியுமா? முதல் நாளே 53 மணிகளையும் உருட்டும் முழுச் செபமாலையும் பிரார்த்தனையும் என்று ஆரம்பிப்பார்கள். நாலாம் நாள் பிள்ளை தூங்கிவிடும், அப்பாவுக்குக் கோபம் வரும், ஒரே வாரத்தில் கதை முடியும். சின்னப் பிள்ளை இருக்கும் வீட்டில் செபமாலையின் பத்து மணிகள் மட்டுமே போதும். மே மாதமும் அக்டோபரும் அன்பியத்தில் முழுச் செபமாலை சொல்லட்டும். பாட்டி பழைய வாசகத்தில் சொல்வார், பிள்ளை புது வாசகத்தில் சொல்லும், நடுவில் தடுமாறும். பாட்டியைத் திருத்தாதே. முதல் பாதியை அவர் சொல்லட்டும், மறுபாதியைப் பிள்ளைகள் சொல்லட்டும்.

பாவங்களைச் சாமியாரிடம் அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்துக்கான தயாரிப்பில்தான் அதிகம் கோட்டை விடுகிறோம். முப்பது பிள்ளைகளும் 'பொய் சொன்னேன், சண்டை போட்டேன், கீழ்ப்படியவில்லை' என்று ஒரே பட்டியலை ஒப்பிப்பார்கள், ஆசிரியர் எழுதிக் கொடுத்ததுதான். பட்டியல் கொடுக்காதே, கேள்வி கொடு: வீட்டில் யாரை அழ வைத்தாய், பள்ளியில் யாரைச் சேர்த்துக்கொள்ளாமல் விட்டாய், சாமியை எப்போது மறந்தாய். பிள்ளைகளுக்கு இருக்கும் உண்மையான பயம், சாமியார் அம்மாவிடம் சொல்லிவிடுவாரோ என்பதுதான். எந்தக் காரணத்துக்காகவும் அவர் சொல்லக்கூடாது, சொன்னால் அவருக்கே கடும் தண்டனை என்று தெளிவாகச் சொல். வெளியே வந்த பிள்ளையிடம் 'என்ன சொன்ன?' என்று கேட்கக்கூடாது என்று பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் சொல்லிவை. நேரக் கணக்கும் பார்: ஒரு பிள்ளைக்கு நாலு நிமிஷம் என்றால் 30 பேருக்கு இரண்டு மணி நேரம். ஒரே சாமியார் என்றால் கடைசிப் பத்துப் பேரை அவசரமாகத் தள்ளிவிட வேண்டி வரும். பக்கத்துப் பங்கிலிருந்து இரண்டு பேரைக் கேட்டு வாங்கு. அன்றைக்கே பெற்றோரும் பாவசங்கீர்த்தனம் செய்யட்டும். அப்பா வரிசையில் நிற்பதைப் பார்த்த பிள்ளைக்கு நீ தனியாக விளக்க வேண்டியது குறைவு.

நற்கருணை வாங்கும் ஒத்திகைக்கு அர்ச்சிக்கப்படாத அப்பத்தை வைத்துக்கொள். இது வெறும் அப்பம் என்று இரண்டு முறை சொல்லிவிட்டுக் கொடு. ருசி முன்பே தெரிந்தால் அன்றைக்கு முகம் சுளிக்காது. இடது உள்ளங்கை மேலே, வலது கை அதன் கீழே, 'ஆமென்' சத்தமாக, ஓர் அடி விலகி நின்று அங்கேயே வலது கையால் எடுத்து உட்கொள்ள வேண்டும், கையில் வைத்துக்கொண்டு நடக்கக்கூடாது. நாக்கில் வாங்குகிற பிள்ளைக்கும் பழக்கு. மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டால் விரலால் சுரண்டாமல் பொறுத்தால் தானே கரையும். நற்கருணைக்கு முந்தின ஒரு மணி நேர உபவாசத்தைப் பெற்றோருக்கு நினைவுபடுத்து. தண்ணீரும் மருந்தும் தடையில்லை, பூசைக்கு முன் வாசலில் வாங்கித் தின்னும் பிஸ்கட் தடை.

உடுப்பு, மெழுகுதிரி, ஆல்பம், பிரியாணி இவற்றை நாலாவது கூட்டத்திலேயே முடிவு பண்ணு. ஒரே துணி, ஒரே தையல்காரர், ஒரே விலை. இல்லையென்றால் ஒரு பிள்ளை சரிகை வைத்த கவுனில் வரும், இன்னொன்று அக்காவின் பழைய உடுப்பில் வந்து ஓரமாக நிற்கும். கடன் வாங்கி விருந்து வைத்த வீடு அடுத்த பிள்ளையின் புதுநன்மையைத் தள்ளிப்போடும். இது எல்லாப் பங்கிலும் நடக்கிறது, யாரும் பேசுவதில்லை.

ஆசிரியர்களைப் பற்றிக் கொஞ்சம். பதினைந்து பிள்ளைக்கு ஒருவர். வெள்ளிக்கிழமை அரை மணி நேரம் எல்லோரும் சேர்ந்து அந்த வாரப் பாடத்தைப் பார்க்காவிட்டால், ஞாயிறன்று புத்தகத்தை வாசிக்கச் சொல்லி எழுத வைப்பார்கள், அவ்வளவுதான். பிரம்பு வேண்டாம், ரேங்க் வேண்டாம். ஓர் ஆசிரியர் ஒரு பிள்ளையோடு மூடிய அறையில் தனியாக இருக்கவே கூடாது. எந்த வகுப்பிலும் பெரியவர்கள் இருவர் இருக்கட்டும். பிள்ளை ஏதாவது தவறான நடத்தையைப் பற்றிச் சொன்னால் உள்ளுக்குள் பேசி முடிக்க இடமில்லை, 2012 போக்சோ சட்டப்படி புகார் கொடுத்தே ஆக வேண்டும். இதை எழுதி ஆசிரியர்களிடம் கையெழுத்து வாங்கு.

வருஷத்துக்கு ஒரு நாள் குடும்பங்களோடு எங்காவது போங்கள். கோணான்குப்பம் உன் மாவட்டத்தில்தானே? வீரமாமுனிவர் கட்டிய கோயில், சேலை கட்டிய பெரியநாயகி மாதா. இங்கே வந்தால் வில்லியனூர் மாதா குளமும், இதய ஆண்டவர் பசிலிக்காவின் வண்ணக் கண்ணாடியும் இருக்கின்றன. கண்ணாடியில் உள்ள புனிதர்களைப் பிள்ளைகளே பெற்றோருக்குக் காட்டட்டும். வாழ்க்கை வரலாறுகளை முந்தின வாரமே பங்கு போட்டுக் கொடுத்துவிடு.

உறுதிப்பூசுதல் முடிந்து காணாமல் போகிறவர்களைப் பற்றியும் கேட்டிருந்தாய். நீட், டியூஷன் என்று ஞாயிறு காலையும் போய்விட்டது, வகுப்பை வைத்துக்கொண்டு அதோடு போட்டி போடாதே. ஆளுக்கு ஒரு வேலை கொடு: வாசகம், பாடகர் குழு, ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பால் சபையோடு மாதம் ஒரு வீட்டுக்குப் போவது, சின்ன வகுப்புக்கு உதவி ஆசிரியர். இரண்டு பேர் நிலைத்தாலும் லாபம்.

பெற்றோர் கூட்டத்துக்கு நாங்கள் வைத்திருக்கும் குறிப்புத் தாள்களும், சான்றிதழ் சரிபார்க்கும் படிவமும் தனித் தபாலில் அனுப்புகிறேன். உன் பங்கில் எத்தனை அன்பியம், புதுநன்மைக்கு எத்தனை பேர் என்று எழுது. கூட்டங்களை எந்தெந்த வீட்டில் வைக்கலாம் என்று அதன் பிறகு யோசிப்போம். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்