ஆனியில் விதை போடுவோம், ஐப்பசியில் கன்று நடுவோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

முல்லைத்தீவு மாவட்டத்து முள்ளியவளையில் வீட்டோடு சேர்த்து ஒரு நாற்றுமேடை வைத்திருக்கிறேன். ஆனி (யூன்) 5ஆம் திகதி உலகச் சுற்றாடல் தினம் நெருங்கினால் பாடசாலைகள், சங்கங்கள், அலுவலகங்கள் என்று எல்லாரும் கன்று கேட்டு வருவார்கள். வேம்பும் மருதும் நாவலும் லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தில் ஏறிப் போகும். எனக்கு அது நல்ல வியாபாரம்தான். ஆனாலும் அந்தக் கன்றுகள் போய்ச் சேரும் கதியைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருக்க மனம் வரவில்லை.

ஆனியில் வன்னியில் வறண்ட கச்சான் காற்று அடிக்கும். செம்மண் இறுகிக் கிடக்கும், அலவாங்கு போட்டால்தான் குழி வெட்டலாம். ஒரு சாண் உயரக் கன்றை அதற்குள் வைத்துப் படம் எடுத்துவிட்டுப் போனால், வேர் பிடிக்க முதல் இலை கருகிவிடும். ஆவணி விடுமுறையில் தண்ணீர் ஊற்றவும் ஆளில்லை. உலகம் முழுவதற்கும் பொதுவாக வைத்த நாள் அது, எங்கள் மழையைப் பார்த்து வைத்ததல்ல. மாரி மழையை நம்பிய காலபோக நெல் விதைப்பை யாரும் ஆனியில் தொடங்குவதில்லையே. மரத்துக்கு மட்டும் ஏன் அந்த அவசரம்? வட மாகாண சபை இயங்கிய காலத்தில் கார்த்திகையை மரநடுகை மாதமாக அறிவித்தார்கள். அது மண்ணை அறிந்த முடிவு.

அதற்காக ஆனி 5ஐக் கைவிடச் சொல்லவில்லை. அந்த நாளில் விதை போடுங்கள். வேம்பு பழுத்து உதிரத் தொடங்குவதும், காட்டில் பாலை பழுப்பதும் அந்தப் பருவத்தில்தான். வேப்பங்கொட்டையை வைத்திருந்து போட முடியாது, சில கிழமைகளில் முளைக்கும் சக்தி போய்விடும். சதையைக் கழுவி, நிழலில் உலர்த்தி, உடனே பைகளில் ஊன்ற வேண்டும். பிள்ளைகள் ஆளுக்கு ஒரு பை வளர்த்தால் ஐப்பசி மழைக்கு அவரவர் கன்று தயாராக இருக்கும். தான் முளைக்க வைத்த கன்றை எந்தப் பிள்ளையும் வாட விடாது.

புரட்டாதியில் நடக்கும் இன்னொரு வேலையும் என்னை வருத்துகிறது. மாரிக்கு முதல் வளவு துப்புரவாக்குகிறோம் என்று சருகு முழுவதையும் கூட்டிக் கொளுத்துகிறார்கள். மழையோடு டெங்கு வரும், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வளவு பார்க்க வருவார், அது சரி. அவர் தேடுவது தண்ணீர் தேங்கும் சிரட்டையையும் ரயரையும் தயிர்ச் சட்டியையும்தான். அவற்றைக் கட்டாயம் அகற்றுங்கள். மாவிலையும் பலா இலையும் என்ன குற்றம் செய்தன? ரொறன்ரோவில் இருக்கும் என் தம்பி வீட்டில் ஐப்பசியில் மேப்பிள் இலைகளை வாரிக் கடதாசிப் பைகளில் கட்டி வாசலில் வைப்பார்களாம். மாநகரசபை எடுத்துப்போய்ப் பசளையாக்குகிறது. அவர்களுக்கு அது தோட்டத்தைப் பனிக்காக மூடும் காலம், எங்களுக்கோ திறக்கும் காலம். அந்த இலை எங்களுக்குத்தான் இன்னும் அவசரமாகத் தேவை.

இரண்டடி அகலம், இரண்டடி ஆழத்தில் புரட்டாதியிலேயே கன்றுக்குக் குழி வெட்டி, மேல்மண்ணைத் தனியே வையுங்கள். சருகோடு பூவரசங்குழையோ கிளிசரியாக் குழையோ போட்டு, உக்கிய மாட்டெருவும் மேல்மண்ணும் கலந்து நிரப்பிவிட்டால் மழை மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். தேக்கிலை சுணங்கித்தான் உக்கும், நறுக்கிப் போடுங்கள். முதல் இடிமழை பெய்தவுடன் நட ஓடாதீர்கள். ஒரு முழம் தோண்டிப் பாருங்கள், அடிமண்ணும் ஈரமாக இருந்தால் நடலாம். நட்டபின் சருகு மூடாக்குப் போடும்போது தண்டிலிருந்து ஒரு சாண் விலத்திப் போட வேண்டும், ஒட்டிக் கிடந்தால் கறையான் ஏறும். பள்ளக் காணிக்காரர் மண்ணை மேடாக்கி அதில் நடட்டும். 2018 மார்கழி வெள்ளத்தைக் கண்டவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. பப்பாசி தண்ணீர் தேங்கினாலே அழுகிவிடும்.

இப்போது புது வீடுகளிலும் அலுவலக முற்றங்களிலும் புல்தரை போடுகிறார்கள். கோடையில் மலேசியன் புல்லைப் பதித்துவிட்டுக் குழாய்க்கிணற்றுத் தண்ணீரை நாள் முழுவதும் இறைப்பதைக் காணும்போது நெஞ்சு பதைக்கிறது. அது நிழலும் ஈரமும் விரும்பும் புல். வெயில் விழும் முற்றத்துக்கு எங்கள் அறுகே போதும். ஐப்பசியில் கணுவோடு வெட்டிச் சாணுக்கு ஒன்றாக ஊன்றினால் மாரி முடிய முற்றம் மூடிவிடும், கோடையில் காய்ந்தாலும் அடுத்த மழைக்குத் துளிர்க்கும். மழை கொட்டும் நாட்களில் யூரியா வீசாதீர்கள், கரைந்து கிணற்றுக்குத்தான் போகும். நிலம் தெரிய ஒட்ட வெட்டாமல் இரண்டு அங்குலமாவது விட்டு வெட்டுங்கள். வெட்டிய புல் அங்கேயே கிடக்கட்டும்.

அடுத்த ஆனி நிகழ்ச்சிக்குத் திட்டமிடும் அதிபர்களும் சங்கத்தினரும் கன்றுக்குப் பதிலாகப் பையும் விதையும் கேட்டு வந்தால், விதை நான் தருகிறேன், காசு வேண்டாம். பை நிரப்பும் விதத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டித் தர முல்லைத்தீவுப் பக்கத்துப் பாடசாலை எதற்கும் நேரில் வருவேன்.

நாற்றுமேடை வைத்திருக்கும் ஒரு தாய்,
முள்ளியவளை