முதலில் ஸ்பீக்கர், அப்புறம்தான் பெட்டி: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

வணக்கம்.

ஆடி நெருங்குகிறது. வண்ணாரப்பேட்டை, காசிமேடு, வியாசர்பாடி என்று எல்லாப் பக்கமிருந்தும் எங்கள் ஸ்பீக்கர் பெட்டிப் பட்டறைக்குப் போன் வந்துகொண்டே இருக்கிறது. "எட்டு இஞ்ச்சுக்கு ரெண்டு பெட்டி அடிச்சு வைங்க, ஸ்பீக்கர் அப்புறம் வாங்கிக்கிறேன்" என்கிறார்கள். இனி அப்படி ஆர்டர் எடுப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். பல வருஷமாக நம்பி வருகிறவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டும், அதற்குத்தான் இந்த மடல்.

போன வருஷம் வியாசர்பாடித் தம்பி ஒருவர் இரண்டு ஜோடி வூஃபர், அதாவது பேஸ் சத்தத்துக்கான ஸ்பீக்கர், வைத்திருந்தார். எல்லாமே எட்டு அங்குலம். அளவு ஒன்றுதானே என்று நான்கு பெட்டியும் உள்ளே 30 லிட்டர் காற்று பிடிக்கும் அளவில் செய்து கொடுத்தோம். ஒரு ஜோடி அருமையாகப் பாடியது. இன்னொன்றில் தவில் அடித்தால், அடி முடிந்த பிறகும் 'ம்ம்ம்' என்று இழுத்தது. மரம் ஒன்று, பசை ஒன்று, வேலை பார்த்த கையும் ஒன்று. இரண்டாவது ஜோடியில் கோனை, அதாவது முன்னும் பின்னும் ஆடும் கூம்பைத், தாங்கும் விளிம்பு ரொம்பத் தளர்வு. அதற்கு 50 லிட்டராவது கொடுத்திருக்க வேண்டும். தவறு எங்களுடையது. வேறு பெட்டி செய்து கொடுத்தோம்.

பெட்டிக்குள் இருக்கும் காற்றும் ஒரு ஸ்பிரிங்தான். கோன் உள்ளே போனால் அது எதிர்த்துத் தள்ளும். பெட்டி சிறுத்தால் ஸ்பிரிங் இறுகி, பேஸ் ஓரிடத்தில் குவிந்து முழங்கும். அதற்காகப் பெட்டியைப் பெரிதாக்கிக்கொண்டே போகவும் முடியாது. தாங்க ஆளில்லாமல் கோன் அளவுக்கு மீறி ஆடும், சத்தம் ஏற்றினால் அதோடு ஒட்டிய கம்பிச் சுருள் (காயில்) பின்னால் போய் இடிக்கும். எந்த ஸ்பீக்கருக்கு எத்தனை லிட்டர் என்று கணக்குப் போட ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் என்ற பொறியாளர் 1961-இல் வழி காட்டினார். ரிச்சர்ட் ஸ்மால் 1970-களில் அதை விரிவாக்கினார். இன்றைக்கு நல்ல ஸ்பீக்கரோடு வரும் தாளில் அந்த எண்கள் இருக்கும்.

ரிச்சி தெருவில் வாங்கிய பழைய ஸ்பீக்கருக்குத் தாள் ஏது? பரவாயில்லை, கொண்டு வாருங்கள், நாங்களே அளந்துவிடுவோம். பட்டறையில் 20 லிட்டர் சோதனைப் பெட்டி ஒன்று இருக்கிறது. வெளியே 40 ஹெர்ட்ஸில், அதாவது வினாடிக்கு 40 தடவை, அதிரும் ஸ்பீக்கர், அந்தப் பெட்டியில் மாட்டியதும் 69-க்கு ஏறினால், அதன் விளிம்பின் இறுக்கம் ஏறக்குறைய 40 லிட்டர் காற்றுக்குச் சமம். கணக்கு அங்கிருந்துதான் தொடங்கும். பெட்டியின் முன்பக்கத்தில் காற்று போய்வரும் குழாயும் அழகுக்கு வைப்பது இல்லை. 30 லிட்டர் பெட்டியை 40 ஹெர்ட்ஸுக்கு இசைக்க, 7.5 செ.மீ. உள்விட்டக் குழாய் சுமார் 22 செ.மீ. நீளம் வேண்டும். "பார்க்க நல்லா இல்ல, கொஞ்சம் வெட்டிடுங்க" என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.

பலகையையும் மாற்றிவிட்டோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் தண்ணீர் வீடுகளுக்குள் வந்ததே, அதற்கடுத்த வாரங்களில் எங்களிடம் வந்த பார்ட்டிக்கிள் போர்டு (மரத்தூளை ஒட்டி அழுத்திய பலகை) பெட்டிகளின் அடிப்பலகை டீயில் நனைத்த ரஸ்க் மாதிரி ஊதியிருந்தது. திருகைத் தொட்டால் கையோடு வந்தது. மர நாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். அப்படி மோசமில்லை, ஒரே சீரான பலகை, ரூட்டர் என்ற வெட்டும் மெஷினில் அழகாக வெட்டலாம். ஆனால் தண்ணீர் பட்டால் அதன் ஓரமும் உப்பும். அதனால் இனி 18 மி.மீ. பிளைவுட், தண்ணீர் தாங்கும் பிளைவுட்டுக்கான ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரை உள்ளது மட்டும்தான். 72 மணி நேரம் கொதிக்க வைத்தாலும் அடுக்கு பிரியக் கூடாது என்பது அதற்கான சோதனை. திருகெல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், கடல் காற்றுக்கு அதுதான் நிற்கும். விலை கொஞ்சம் கூடத்தான் செய்யும்.

முத்திரை இருந்தாலும் ஒவ்வொரு ஷீட்டையும் சாய்த்து நிறுத்தி, விரல் முட்டியால் அரை அடிக்கு ஒரு தட்டு தட்டிக்கொண்டே போவோம். 'டொக் டொக்' என்று வந்த சத்தம் ஓரிடத்தில் 'தொப்' என்று மாறினால் உள் அடுக்கில் ஓட்டை. அங்கே பென்சிலால் வட்டம் போட்டு ஒதுக்கிவிடுவோம். அதை வைத்துப் பெட்டி செய்தால் ஏதாவது ஒரு பாட்டில் 'கிர்ர்' என்று நடுங்கிக் காட்டிக்கொடுக்கும்.

ஒட்டி, கிளாம்ப் போட்டு, ஒரு முழு நாள் தொடமாட்டோம். பிறகு குழாய் வாயை அடைத்து, வூஃபரை மெதுவாக ஆட விட்டு, மூட்டு மூட்டாக ஊதுபத்தியைக் கொண்டு போவோம். புகை நேராக ஏறினால் சரி. ஓரிடத்தில் நெளிந்தால் அங்கே காற்று ஒழுகுகிறது, திரும்ப அடைக்க வேண்டும். நீங்களே வந்து நின்று பார்க்கலாம்.

இதற்கெல்லாம் ஒரு ஜோடிக்கு 15 நாள் ஆகும். ஆடித் திருவிழாவுக்கு வேண்டுவோர் ஆனி முதல் வாரத்துக்குள் ஸ்பீக்கரைக் கொடுத்துவிடுங்கள். வருவதாக இருந்தால் காலையில் வாருங்கள். பக்கத்து வீட்டுப் பெண் பத்தாவது படிக்கிறாள், நான்கு மணிக்கு மேல் ரூட்டர் ஓட்டுவதில்லை.

அன்புடன்,
பட்டறையிலிருந்து