புதுக் கம்பும் கூடவே ஒரு கடிதமும்

அன்புள்ள மீனாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் பேசலாமே என்று கேட்பாய். போனில் நீ "ம்", "சரிப்பா", "மீட்டிங்ப்பா" என்பதற்கு மேல் ஒன்றும் சொல்வதில்லை. அதற்குள் உன் அம்மா போனைப் பிடுங்கிவிடுகிறாள். அதனால் பார்சலுக்குள்ளேயே இதையும் வைத்துக் கட்டியிருக்கிறேன்.

புதுக் கம்பு வந்துவிட்டது. இந்த வருஷம் ஐப்பசி மழை நேரத்துக்குப் பெய்ததால் மணி நல்ல திரட்சி. முழுக் கம்பாகவே அனுப்பியிருக்கிறேன். மாவாக அரைத்தால் அதில் இருக்கிற எண்ணெய்ப் பசைக்குச் சில நாளிலேயே காறல் எடுத்துவிடும், புனே வந்து சேருவதற்குள் கசக்கும். குதிரைவாலியும் இருக்கிறது. பார்க்கப் பழுப்பாக, அழுக்காகத் தெரியும். கழுவிக் கழுவிப் பார்க்காதே, அது தவிட்டு நிறம். பளபளவென்று வெள்ளையாக மில்லில் தீட்டி விற்பதை வாங்குவதற்குப் பேசாமல் பொன்னி அரிசியே வாங்கிவிடலாம். சோளம் வைக்கவில்லை. நீ இருக்கிற ஊரே சோள ரொட்டி தின்கிற ஊர். சோலாப்பூர் பக்கத்து மங்கள்வேடா சோளத்துக்குப் புவிசார் குறியீடே கொடுத்திருக்கிறார்கள். உங்கள் தெருமுனையிலேயே சுடச்சுட பாக்ரி தட்டித் தருவார்கள். நீ என்னடாவென்றால் ராத்திரி பதினொரு மணிக்கு செயலியில் நூடுல்ஸ் வரவழைத்துச் சாப்பிடுகிறாய். மாப்பிள்ளை சொல்லவில்லை, நானே ஊகித்தது. அவரிடம் சண்டைக்குப் போகாதே.

போன வாரம் குடும்பக் குழுவில் ஏதோ படம் போட்டு உடனே அழித்துவிட்டாய். நான் ஒன்றும் பார்க்கவில்லை. என் கண்ணாடி வேறு கையில் இல்லை. மாப்பிள்ளைக்கு அனுப்ப வேண்டியது தவறி வந்திருக்கும். அது கிடக்கட்டும்.

நான் லேபில் இருந்த காலத்துக் கதை உனக்கு அலுத்துப் போயிருக்கும், ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். அப்போது குச்சியை முக்கி நிறம் பார்க்கிற வசதியெல்லாம் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. டெஸ்ட் டியூபில் முக்கால் வாசி யூரினை எடுத்து, மேல் பாகத்தை மட்டும் ஸ்பிரிட் விளக்கில் காட்டுவோம். கலங்கினால் இரண்டு மூன்று சொட்டு அசிட்டிக் அமிலம் விடுவோம். கலங்கல் தெளிந்துவிட்டால் அது வெறும் பாஸ்பேட். தெளியாமல் வெள்ளையாக நின்றால் அல்புமின். இரத்தத்தில் இருக்க வேண்டிய புரதம் கிட்னியைத் தாண்டி வெளியே வந்திருக்கிறது என்று அர்த்தம். அந்த வெள்ளையைப் பார்க்கும்போது வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற ஆளை எட்டிப் பார்ப்பேன். ஆள் நன்றாகத்தான் இருப்பார். வலி கிடையாது, வீக்கம் கிடையாது, டீ குடித்துக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். கிட்னி அப்படித்தான். பாதி வேலை நின்று போகிற வரைக்கும்கூட, கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் இரத்தத்தில் சரியாகவே காட்டும். கிரியேட்டினின் நார்மல், அதனால் கவலை இல்லை என்று நினைக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். உனக்கு என்று சொல்லவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பயமுறுத்துகிறேன் என்பாய். அல்புமின் ஒரு தடவை வந்துவிட்டால் உடனே கிட்னி வியாதி என்று முத்திரை குத்த முடியாது. காய்ச்சல் இருந்தாலும் வரும், முந்தின நாள் ஜிம்மில் அளவுக்கு மிஞ்சி ஓடினாலும் வரும், யூரினில் கிருமி இருந்தாலும் வரும். அதனால்தான் திரும்ப எடுக்கச் சொல்கிறார்கள். காலையில் எழுந்ததும் போகிற முதல் யூரின், அதில் அல்புமினையும் கிரியேட்டினினையும் ஒப்பிட்டு ஒரு கணக்கு, ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு எத்தனை மில்லிகிராம் அல்புமின் என்று. 30க்குக் கீழே என்றால் நிம்மதி. 30க்கு மேல், அதுவும் மூன்று மாதத்துக்கு மேல் நிலைத்து நின்றால்தான் டாக்டர் அதற்கு ஒரு பெயர் வைப்பார். அந்தக் கட்டத்திலும் செய்ய நிறைய இருக்கிறது, நல்ல மாத்திரைகள் வந்துவிட்டன. பொதுவாகச் சொல்கிறேன்.

சரி, கம்புக்கு வருகிறேன். கம்பு தின்றால் கிட்னி சுத்தமாகும் என்று உன் சித்தி தினம் ஒன்று அனுப்புகிறாளே, அதை நம்பாதே. எந்தத் தானியமும் கிட்னியைக் கழுவாது. கிட்னியைக் கெடுப்பது பெரும்பாலும் இரண்டு பேர், சுகரும் பிரஷரும். முழுத் தானியம் அந்த இரண்டு பேரையும்தான் கொஞ்சம் அடக்கி வைக்கிறது. ஒவ்வொரு கிட்னியிலும் சுமார் பத்து லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் இருக்கின்றன. சர்க்கரை ஏறின இரத்தமும் அழுத்தம் கூடின இரத்தமும் வருஷக் கணக்கில் அவற்றின் வழியாகவே போய்க்கொண்டிருந்தால் அவை தழும்பேறி ஒவ்வொன்றாக மூடிக்கொள்ளும். மூடியது திரும்பத் திறக்காது. நம் வீட்டில் அப்பத்தா, பெரியப்பா, நான். மூன்று பேருக்கும் சுகர். உனக்கு இது நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை.

ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பட்டியலைப் பார்த்தேன். 100 கிராம் தீட்டின அரிசியில் நார்ச்சத்து 3 கிராம்கூட இல்லை. கம்பில் 11 கிராமுக்கு மேல். கேழ்வரகிலும் கிட்டத்தட்ட அவ்வளவே. மைதாவும் வெள்ளை அரிசியும் ஒரே ஜாதி. நார் இருந்தால் மாவுச்சத்து மெல்லக் கரையும், சுகர் ஒரேயடியாக ஏறாது. தவிட்டோடு மக்னீசியமும் சேர்ந்து வரும். இது போக இன்னொன்று இருக்கிறது, எனக்கே பின்னால்தான் தெரியவந்தது. நம் பெருங்குடலில் இருக்கிற பாக்டீரியாவுக்கு நார்தான் சாப்பாடு. அது கிடைக்காவிட்டால் மிச்சம் மீதி புரதத்தைப் பிடித்துச் சிதைக்க ஆரம்பிக்கும். அதில் உண்டாகிற சில கழிவுகள் இரத்தத்தில் ஏறும், அவற்றை வெளியேற்ற வேண்டியதும் கிட்னிதான். நார் கொடுத்தால் அந்தச் சுமை குறையும். இவ்வளவுதான் சங்கதி, இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. முழுத் தானியம் சாப்பிடுகிறவர்களுக்குச் சுகரும் இதய நோயும் குறைவாக வருவதைப் பல நாடுகளில் பார்த்திருக்கிறார்கள். வந்த வியாதியை அது திருப்பி அனுப்பாது, வராமலோ மெதுவாக வரும்படியோ பார்த்துக்கொள்ளும்.

உன் அம்மா இதற்கு ஒத்துக்கொள்ள மாட்டாள். "கிட்னிக்குக் கேப்பை ஆகாது, கம்பு ஆகாது, உங்க அண்ணனுக்கு வெள்ளைச் சோறுதான சாப்பிடச் சொன்னாங்க" என்று பார்சல் கட்டும்போதே ஆரம்பித்துவிட்டாள். அவள் சொன்னதும் பொய்யில்லை. பெரியப்பா வாரத்துக்கு மூன்று நாள் மதுரைக்குப் போய், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம் டயாலிசிஸில் கிடந்தாரே, அந்தக் கட்டத்துக்குச் சொன்ன பத்தியம் அது. கிட்னி வேலை செய்யாதபோது பொட்டாசியமும் பாஸ்பரஸும் உடம்பில் தங்கிவிடும், முழுத் தானியத்தில் இரண்டும் கூடுதல். அதனால் அப்போது பொத்தாம்பொதுவாக எல்லாவற்றையும் நிறுத்தினார்கள். இப்போது அவ்வளவு கண்டிப்பு இல்லை. தானியத்தில் இருக்கிற பாஸ்பரஸ் பெரும்பாலும் பைட்டேட் என்கிற பொருளோடு பிணைந்து கிடப்பது, அதைப் பிரிக்கிற நொதி நம் குடலில் அநேகமாகக் கிடையாது, பாதிபோலத்தான் உடம்பில் சேரும். கருப்பாக ஒரு கோலா குடிக்கிறாயே, அதிலும் பாக்கெட் இறைச்சியிலும் சேர்க்கிற பாஸ்பேட் கிட்டத்தட்ட முழுசாகச் சேரும். ஆக, கிட்னி நன்றாக இருக்கிறவருக்கும் லேசாக ஆரம்பித்தவருக்கும் தவிட்டோடு சாப்பிடுவது நல்லது. முற்றினவருக்கு இரத்தத்தில் பொட்டாசியம், பாஸ்பரஸ் பார்த்து டாக்டர் சொல்வதுதான் கணக்கு. இதை அம்மாவிடம் விளக்கிப் பார்த்தேன். "உங்க அண்ணனைப் பறிகொடுத்தது நீங்களா நானா" என்று கேட்டாள். அவளுக்கும் அவர் கூடப்பிறந்தவர் மாதிரிதானே.

எப்படிச் சாப்பிடுவது என்பதையும் எழுதிவிடுகிறேன், நீ இணையத்தில் பார்த்துக் கெடுக்காமல் இருக்க. கம்பில் லேசாகத் தண்ணீர் தெளித்து மிக்ஸியில் விட்டு விட்டு ஓட்டி, உமியைப் புடைத்துவிட்டு, குருணையை ராத்திரி ஊறப் போடு. காலையில் குக்கரில் ஒன்றுக்கு நாலு தண்ணீர். சோறாகச் சாப்பிடு, சாம்பாரும் கீரையும் போட்டு. நைசாக அரைத்துக் கஞ்சி காய்ச்சிக் குடித்தால் தானியம் நல்லதாக இருந்தும் சுகர் வேகமாகத்தான் ஏறும். கடையில் ஹெல்த் மிக்ஸ் என்று டப்பாவில் விற்கிறார்களே, பின்பக்கம் திருப்பிப் பார், சர்க்கரையும் இருக்கும். பிரவுன் பிரெட்டும் அப்படியே. பட்டியலில் முதலில் மைதா என்று போட்டிருந்தால் நிறம் மட்டும்தான் பிரவுன். மாப்பிள்ளைக்குக் கிட்னியில் கல் எடுத்திருக்கிறது, அதனால் கேழ்வரகை அவருக்குத் தினம் வைக்காதே, அதில் கல் உண்டாக்குகிற ஆக்சலேட் கூடுதல். கம்பங்கூழுக்கு மோர்மிளகாய், ஊறுகாய், கருவாடு என்று இழுக்கும், எனக்கே இழுக்கிறது. ஆனால் ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து உப்பு ஒரு டீஸ்பூன், 5 கிராமுக்குள் இருக்க வேண்டும். அதைத் தாண்டினால் தானியம் செய்கிற நல்லதை உப்பு கெடுத்துவிடும்.

தலைவலி என்று அடிக்கடி ஏதோ மாத்திரை போடுகிறாய் என்று பேத்தி சொன்னாள். அவளையும் திட்டாதே. வலி மாத்திரைகளில் சில கிட்னிக்கு நேர் எதிரி. டைக்ளோபினாக், இபுபுரூபன் இரண்டும் அந்த வகை. டாக்டரைக் கேட்காமல் போடாதே.

பொங்கலுக்கு வருவாய் என்று பார்த்தோம். வேலை என்றாய். நம் தெருவில் இருந்து அவ்வளவு தூரம் போய் முப்பது பேரை மேய்க்கிற பெண் யார் இருக்கிறார்கள், சொல். வீட்டுக்கு ஓடு மாற்றி மெத்தை போட்டதும் உன் பணம்தான், பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் நைட் டியூட்டி, காலையில் தூக்கம், மத்தியானம் பிஸ்கட் என்று உடம்பை வைத்துக்கொண்டு மூன்று வருஷமாகப் பிரஷர்கூடப் பார்த்ததில்லை என்கிறாய். ஆபீஸ்காரர்கள் கட்டாயப்படுத்தி எடுத்தால்தான் டெஸ்ட்டா? எடுத்ததைப் பார்க்க வேண்டாமா? அல்புமின் 1+ என்று போட்டிருந்தால், ஒரு உதாரணத்துக்குச் சொல்கிறேன், அதை அழித்துவிட்டால் அது இல்லாமல் போய்விடுமா?

சரி. கோபப்படவில்லை. மூன்று மாதம் காத்திருக்க வேண்டாம், இந்த மாதமே அந்த முதல் யூரினைக் கொடு. காய்ச்சலோ மாதவிலக்கோ இருந்தால் அந்த நாட்களைத் தள்ளிப் போடு. கூடவே கிரியேட்டினின், சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் சுகர், மூன்று மாதச் சராசரி, பிரஷர். ரிப்போர்ட்டை எனக்குத் தனியாக அனுப்பு, குழுவில் போடாதே. செவ்வாயும் வெள்ளியும் சாயங்காலம் ஆறு மணிக்கு உன் அம்மா கோயிலுக்குப் போய்விடுகிறாள், வருவதற்கு ஏழரை ஆகும். அந்த நேரத்தில் கூப்பிடு, போன் என் கையில்தான் இருக்கும்.

அன்புடன்,
அப்பா