டாக்டரை நாங்கள் கைவிடவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மருத்துவர் தினத்தையொட்டி நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். குடும்ப டாக்டர் என்ற வழக்கத்தை மக்களே விட்டுவிட்டார்கள், சாதாரண காய்ச்சலுக்கும் ஸ்பெஷலிஸ்டைத் தேடி மதுரைக்கு ஓடுகிறார்கள் என்று அதில் ஒரு வரி வருகிறது. மற்றதெல்லாம் சரி. அந்த ஒரு வரியைத்தான் என்னால் தாண்டிப் போக முடியவில்லை. காலையில் படித்தது, ராத்திரி விளக்கை அணைக்கும்வரை உறுத்திக்கொண்டே இருந்தது.

நான் காரைக்குடிப் பக்கத்துப் பள்ளத்தூர்க்காரி. வயது 68. 1979இல் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஒரே டாக்டர்தான். டவுனில் கிளினிக். முதலில் அப்பா பார்த்தார், இப்போது மகன் பார்க்கிறார். பெயரை எழுத மாட்டேன். பெரியவர் கைராசியில் என் மூன்று பிள்ளைகளும் வளர்ந்தார்கள், அந்த நன்றி சாகும்வரை உண்டு. ஆனால் 45 வருஷமாக ஒரே படியை ஏறி இறங்கிய எங்களைப் பார்த்து, விட்டுப் போனவர்கள் நீங்கள்தான் என்று பத்திரிகையில் எழுதினால் எப்படிப் பொறுத்துக்கொள்வது?

பெரியவர் காலத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு நம்பர், ஒரு லாங் சைஸ் நோட்டு. எங்கள் நம்பர் 214. தலையைப் பார்த்ததுமே கம்பவுண்டர் அண்ணன் பீரோவைத் திறந்து எடுத்துவிடுவார். மாமனாருக்கு வந்த மஞ்சள் காமாலை, பெரியவனுக்குப் போட்ட தடுப்பூசி, இரண்டாவது பிரசவத்துக்கு அப்புறம் எனக்கு ரத்தம் குறைந்தது, எல்லாம் அதில் இருந்தது. முதல் பக்கத்தில் என் மாமியார் பெயருக்கு நேராக, சிவப்பு மையில், 'பெனிசிலின் கூடாது' என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டிருப்பார். 1986இல் கால் புண்ணுக்கு அந்த ஊசி போட்டவுடன் மாமியாருக்கு உடம்பெல்லாம் தடித்து, மூச்சு முட்டி, பெஞ்சிலேயே சாய்ந்துவிட்டார். பெரியவர் மற்றவர்களை எல்லாம் அப்படியே உட்கார வைத்துவிட்டு, சாயங்காலம்வரை பக்கத்திலேயே இருந்து தேற்றி அனுப்பினார். அன்றைக்கு எழுதியது அது.

போன வருஷம் மாசியில் மாமியாருக்கு நெஞ்சில் சளி கட்டிவிட்டது. 91 வயது. ஆட்டோ வைத்து அழைத்துப் போனேன். இப்போது அங்கே கம்ப்யூட்டர். பெயர், வயது, செல் நம்பர், அவ்வளவுதான். எங்கள் நோட்டு எங்கே என்று கேட்டேன். "பழசெல்லாம் எடைக்குப் போட்டாச்சும்மா" என்றது கவுண்டரில் இருந்த பெண். உள்ளே மூன்று நிமிஷம்கூட இருந்திருக்க மாட்டோம். டாக்டர் திரையைப் பார்த்தபடியே எழுதிக் கொடுத்தார், அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள். பெனிசிலின் ஆகாது என்று நான் சொல்லாமல் வந்தது தப்புத்தான், ஒத்துக்கொள்கிறேன். இத்தனை வருஷமும் அதை நோட்டுதான் சொல்லிக்கொண்டிருந்தது, எனக்குச் சொல்லிப் பழக்கமில்லை.

மருந்துக்கடையில் சீட்டை நீட்டும்போதுதான் சுரீரென்று ஞாபகம் வந்து கேட்டேன். கடைப் பையன் அட்டையைத் திருப்பிப் பார்த்து, "அமாக்சிசிலின். பெனிசிலின் வகைதான் ஆச்சி" என்றான். கை வெடவெடத்துவிட்டது. திரும்பவும் கிளினிக்குக்கு ஓடினேன். "டோக்கன் முடிஞ்சுபோச்சு, நாளைக்குப் புதுசா போட்டுட்டு வாங்க" என்றார்கள். மருந்தை மாற்றி எழுத ஒரு நிமிஷம் ஆகுமா? வெளியே ஆட்டோவில் மாமியார் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு இருமிக்கொண்டிருந்தார். கடைசியில் அரசு ஆஸ்பத்திரிக்குத்தான் போனோம். அங்கே டூட்டியில் இருந்த சின்ன வயசு டாக்டரம்மா முதலில் கேட்டதே, எந்த மருந்தாவது ஒத்துக்காதா என்றுதான்.

அப்புறம் விசாரித்துப் பார்த்தேன். 2002ஆம் வருஷத்து மருத்துவக் கவுன்சில் விதிகளின்படி, நோயாளி தன் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும் என்றும் இருக்கிறது, ஆனால் அது ஆஸ்பத்திரியில் சேர்ந்து படுத்திருந்தவர்களுக்குத்தான். வந்து காட்டிவிட்டுப் போகிறவர்களுக்கு அந்த வரியில் இடமில்லை. சரி, எடைக்குப் போட்டது சட்டப்படி குற்றமில்லை என்றே வைத்துக்கொள்வோம். போடுவதற்கு முன்னால் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானே போய் வாங்கி வந்திருப்பேனே! எங்கள் வீட்டு இரண்டாங்கட்டில், மாமனாரின் அப்பா எழுதிய கணக்குப் பேரேடுகள் இன்றைக்கும் மரப்பெட்டியில் பத்திரமாக இருக்கின்றன. ஒரு நோட்டுக்கா இடமில்லாமல் போயிருக்கும்?

எங்கள் பக்கத்து நிலைமை உங்களுக்குத் தெரியாததல்ல. பெரிய வீடுகளெல்லாம் வளவு வளவாகப் பூட்டிக் கிடக்கின்றன, திறந்திருக்கிற வீட்டிலும் வயசானவர்கள் ஒன்றிரண்டு பேர்தான். பிள்ளைகள் சென்னையில், சிங்கப்பூரில், அமெரிக்காவில். காலை ஆறு மணிக்குச் செல்லில் கிளினிக் செயலியைத் திறந்து டோக்கன் போட வேண்டும், பத்து நிமிஷத்தில் நிரம்பிவிடும். பக்கத்து வீட்டு ஆச்சிக்கு அவர் மகன் ஹூஸ்டனில் இருந்து போட்டுக் கொடுக்கிறார், அங்கே அப்போது சாயங்காலமாம். வெளியில் பிள்ளை இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்? கொரோனா நேரத்தில், 2020 மார்ச்சில், போனிலேயே வைத்தியம் பார்க்கலாம் என்று மத்திய அரசு வழிகாட்டுதல் கொடுத்தது. அப்போது இதே கிளினிக்கில் வாட்ஸப்பில் பார்த்தார்கள், பணத்தையும் செல்லிலேயே வாங்கிக்கொண்டார்கள். இப்போது கேட்டால், போனில் பார்ப்பதில்லை, நேரில் வாங்க என்கிறார்கள். 91 வயதுக்காரரை எத்தனை தடவை ஆட்டோவில் ஏற்றி இறக்குவது?

பெரியவர் வீட்டுக்கே வருவார். முகப்பில் செருப்பைக் கழற்றிவிட்டு, பட்டாலையில் உட்கார்ந்து மோர் குடித்துவிட்டு, அப்புறம்தான் நாடியைப் பிடிப்பார். மகனிடம் அதை நான் எதிர்பார்க்கவில்லை. வாசலில் 60 பேர் காத்திருக்கிறார்கள், அவரும் மனுஷன்தானே. நிமிர்ந்து முகத்தைப் பார்த்திருக்கலாம் என்பதுதான் என் ஆதங்கம்.

மக்களைத் தேடி மருத்துவம் என்று தமிழக அரசுத் திட்டம் 2021 ஆகஸ்டில் ஆரம்பித்ததே, அதில் ஒரு பெண் எங்கள் வீட்டுக்கு வந்து பிரஷர் பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறது. மாமியாருக்கு இடது காது கேட்காது. இரண்டாவது தடவை வந்தபோதே அந்தப் பெண் ஸ்டூலை வலது பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, தானாகவே கவனித்திருக்கிறது.

மதுரைக்கு ஓடுகிறோம் என்கிறீர்கள். நாங்களாக ஓடவில்லை, அனுப்பி வைக்கிறார்கள். என் வீட்டுக்காரருக்கு முதுகில் அக்கி வந்தபோது மதுரைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்ததே இந்தக் கிளினிக்தான். கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர் காரில், முதுகைச் சீட்டில் சாய்க்க முடியாமல், முன்சீட்டைப் பிடித்துக் குனிந்தபடியே வந்தார். அங்கே கொடுத்தது ஒரு வாரத்து மாத்திரையும் ஒரு களிம்பும்.

போன மாதம் இன்னொன்று நடந்தது. காலை பஸ்ஸுக்குப் போய் இறங்கினால் கிளினிக் ஷட்டர் இறக்கியிருக்கிறது. கண்டனூர், புதுவயல், கோட்டையூரில் இருந்து வந்தவர்கள் எல்லாம் படியில் உட்கார்ந்திருக்கிறார்கள். காய்ச்சல் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு பெண் நின்றபடியே இருந்தது. டாக்டர் வெளிநாடு போயிருக்கிறார், வர 12 நாளாகும் என்று எதிர் டீக்கடைக்காரர் சொல்லித்தான் தெரிந்தது. செயலியில் போட்டிருந்தார்களாம். வாசலில் ஒரு அட்டையை எழுதித் தொங்கவிட எவ்வளவு நேரமாகும்?

உங்களிடம் நான் கேட்பது இதுதான். உள்ளூர்ப் பக்கத்தில் 'நாளைய மின்தடை' என்று ஊர் ஊராகப் போடுகிறீர்கள். அதற்குப் பக்கத்திலேயே, எந்தக் கிளினிக் எந்த நாள் விடுமுறை என்று நான்கு வரி போடுங்கள். கேட்டால் டாக்டர்களே எழுதிக் கொடுப்பார்கள். பழைய நோட்டுகளை இன்னும் வைத்திருக்கிற டாக்டர்களும் இந்தப் பக்கம் இருப்பார்கள். எடைக்குப் போடுவதற்கு முன்னால் அந்தந்த வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டுக் கொடுத்துவிடச் சொல்லி, அந்த நான்கு வரிக்குக் கீழே ஐந்தாவதாக ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.

இங்ஙனம்,
உங்கள் நெடுநாள் வாசகி,
பள்ளத்தூர்.